வால்முடிச் சாமியார்

இலங்கை மலைநாட்டுக் கம்பளை ஊரில் அந்த வருடம் மாடுகளைவிட மாட்டுக்காரர்களே அதிகமாகக் கத்தினார்கள். எல்லாம் ஆற்றங்கரை மரத்தடியில் வந்து உட்கார்ந்த வால்முடிச் சாமியாரின் பேர்சொல்லித்தான். சினை பிடிக்காத பசுவின் வால்முடி நாலு கொண்டுபோனால் போதும். தணலில் போட்டுப் புகையை மோந்து, கருப்பையை எந்தப் பேய் பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மாட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஞானிக்கு மாடு எதற்கு? பூட்டைத் திறக்க ஒரு கறுப்புச் சேவல். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், புத்தர் பன்சலைக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே வரிசையில். முட்டாள்தனத்தில்தான் எத்தனை சமரசம்!

பால் விற்றுப் பிழைக்கும் விதவை உம்மு குல்சும் மூன்று சேவல் கொடுத்துவிட்டாள். அவளுடைய சிவலைப் பசு ஒரு வருடமாகச் சினைக்கு வரவில்லை, பாலும் வற்றிக்கொண்டிருந்தது. நாலாவது சேவலும் பலிக்காவிட்டால் இறைச்சிக்கடைதான் என்று அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு லெட்சுமணன் வந்தான். ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் வண்டிக்காரன்.

“அக்கா, மாடு ஏன் பின்னங்கால ஊனாம நிக்குது?”

“அது மழ காலத்துல ஈந்தே நொண்டுது தம்பி. பேய் குந்தின பாரமாம். சாமி சொன்னார்.”

“பேய் குந்துறதுக்குக் குளம்புதானா கெடைச்சுது?”

காலைத் தூக்கிப் பார்த்தான். குளம்பு நீண்டு வெடித்து, உள்ளே சீழ். கத்தியை எடுத்தான். அவள் பதறித் தடுத்தாள்.

“வேணாம் தம்பி! கத்தி பட்டா பேய் கோவிச்சிரும்.”

“சரி, மொதல்ல பேயயே விசாரிப்போம்.”

மறுநாள் தன் வண்டிமாட்டின் வால்முடியில் நாலைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தான். “நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா நீட்டுங்க.”

வரிசையில் நின்று நீட்டினாள். சாமியார் மோந்தார்; கண்ணை உருட்டினார்.

“கருப்பை பூட்டிக் கெடக்கு தாயே! பிரசவத்துல செத்தவ ஒருத்தி உள்ள இருக்கா. இந்தத் தடவ ரெண்டு சேவல்!”

லெட்சுமணன் தன் வண்டிமாட்டை வரிசைக்கு முன்னே இழுத்து வந்தான்.

“சாமி, அது இந்த மாட்டு முடி. காயடிச்சு எட்டு வருசமாச்சு. கருப்பை எங்கன்னு கொஞ்சம் கையக் காட்டுங்க.”

சாமியார் தடுமாறவில்லை. “போன சென்மத்துல இது பசு!”

அப்போதும் இரண்டு பேர் பக்தியோடு தலையாட்டினார்கள். உம்மு குல்சும்தான் முதலில் சிரித்தாள். முக்காட்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. சாமியாரின் சேவல் கூட்டை உடைத்து அவரவர் சேவலைப் பிடித்தது. பின்னேர ரயிலில் சாமியார் போய்விட்டார்.

அன்றைக்கே லெட்சுமணன் குளம்பைச் சீவினான். சீழோடு கூர்ங்கல் ஒன்று விழுந்தது. உப்பு வெந்நீரால் கழுவினான்.

“கால் வலிக்கிற மாடு ஒழுங்கா மேயாதுக்கா. மேயாத ஒடம்பு சினைக்கு வருமா? வந்தாலும், காளை ஏறினா தாங்குறதுக்குக் கால் வேணாமா?”

தினமும் அவளே கழுவினாள். இரண்டு மாதத்தில் சிவலை நாலு காலும் ஊன்றி நின்று காளைக்குக் கத்தியது. அடுத்த வருடம் கிடாரிக் கன்று.

மாட்டுக்குக் கோளாறு காலில். வண்டிக்காரனின் கத்தி போதுமாக இருந்தது. நமக்குக் கோளாறு தலையில். அதை ஊரான் கத்தி திறக்காது ஐயா, நாமேதான் திறக்கவேண்டும்.