எதைத் தேடினாலும் கிடைக்கும் புத்தகம்

"நீங்கள் தேடிய நூல் கிடைக்கவில்லை. 'மூலக் கடுப்பும் முதலுதவியும்' என்ற நூலைத் தேடினீர்களா?"

கணினித் திரையில் வந்து நின்ற இந்தக் கேள்வியைத் தலைமை நூலகர் இரண்டு தடவை மனத்துக்குள் படித்தார். கையெழுத்து வாங்குவதற்காக அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த கவுண்டர்காரம்மா ஒரே ஒரு தடவைதான் படித்தார். ஆனால் வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"எவ்வளவு நாளா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன எவ்வளவு நாளா?"

"இல்ல, வேற நாற்காலி போடச் சொல்லலாமேன்னு கேட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. நான் தேடினது 'மோனக் கடலும் முதல் அலையும்'."

"அது என்ன வியாதி சார்?"

"என்னோட கவிதைத் தொகுப்பு."

கவுண்டர்காரம்மா கையெழுத்தும் வாங்காமல் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத் தலைமை நூலகர் கழிப்பறைக்குப் போய்த் திரும்பியபோது நாற்காலியில் யாரோ ஒரு மெத்தைத் திண்டு வைத்திருந்தார்கள்.

தலைமை நூலகருக்கு அந்த நூலகத்தில் 'முன்னுரை' என்று பெயர். அவருக்கு மட்டும் இது தெரியாது. யாராவது ஒரு நாள் விடுப்பு கேட்டுப் போய் நின்றால் 'விடு' என்ற வேர்ச்சொல்லில் தொடங்குவார். அவர் விஷயத்துக்கு வந்து சேர்வதற்குள் விடுப்பு கேட்ட நாளே கடந்து போயிருக்கும். இப்படிப்பட்டவர் கவிதை எழுதாமல் இருந்தால்தான் அதிசயம். எழுதினார். சொந்தச் செலவில் அச்சிட்டார். ஒரு பிரதியை நூலகத்துக்கு நன்கொடையாக வழங்கி, நன்றிக் கடிதத்தையும் தாமே தட்டச்சு செய்து தமக்கே அனுப்பிக்கொண்டார். மற்ற பிரதிகள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

நூலகத்துப் பிரதியை இதுவரை எடுத்துப்போன வாசகர் ஒருவர்தான். அவரும் முன்னுரைதான். யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக எடுத்துப் போனார்.

நூற்பட்டியல் அட்டைகளில் இருந்த காலத்தில் இவ்வளவு அவமானம் இருந்ததில்லை. கவிதை, கடல், கப்பல், மீன்வளம் என்று எந்த இழுப்பறையைத் திறந்தாலும் முதல் அட்டை இவர் புத்தகத்துடையதாகத்தான் இருக்கும். எல்லாம் இவரே செருகி வைத்தவை. ஆனால் நூலகத்தை நவீனமாக்குவதென்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, படிக்கும் அறையில் பாதி விளக்குகள் எரியவில்லை. அதையெல்லாம் நவீனமாக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றினார்கள். புதிய இணையதளத்தில் நூலகத்தின் படம் பளபளவென்று இருந்தது. கூரையும் ஒழுகவில்லை. அது வேறு ஏதோ ஊர் நூலகத்தின் படம்.

இத்தனையையும் செய்து கொடுத்தவர் நூலகத் துறை இயக்குநருடைய மனைவியின் தம்பி. ஆகவே நூலகம் மொத்தமும் அவரை 'மச்சினர்' என்றே குறிப்பிட்டது. போன வருஷம் வரை அவர் குளிர்பதனப் பெட்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னுரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். மச்சினர் திரையைப் பார்த்தார். முன்னுரையைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த திண்டையும் பார்த்தார்.

"ரெண்டு புத்தகத்தோட பேரும் ஒரே சாயல்ல இருக்கு சார். அதான் சாஃப்ட்வேர் குழம்புது. ஒண்ணா சேர்த்து விட்டுட்டா சரியாயிடும்."

"எதை எதோட சேர்க்கப் போறீங்க?"

மச்சினர் அதற்குள் சேர்த்துவிட்டார். முன்னுரை மறுபடி தேடினார். இந்தத் தடவை புத்தகம் கிடைத்தது. ஆசிரியர் இருவர் என்று இருந்தது. ஒருவர் இவர், இன்னொருவர் அறுவைச் சிகிச்சை நிபுணர். பொருள்: மலக்குடல் நோய்கள், புதுக்கவிதை. சுருக்கம்: நீண்ட நேரம் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கான எளிய ஆலோசனைகள்.

"பிரிங்க" என்றார் முன்னுரை.

மச்சினர் பிரித்தார். பிரித்ததில் மருத்துவப் புத்தகம் பிழைத்துக்கொண்டது. கவிதைப் புத்தகம் போன இடம் தெரியவில்லை. பிறகு அதைப் புதிதாக ஏற்றினார்கள். ஏற்றியும் தேடும்போது அது கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், கரப்பான்பூச்சி ஒழிப்புக்கும் கீழே வந்து நின்றது.

"இதுக்கு ஒரே வழிதான் சார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு முக்கியத்துவ எண் கொடுக்கலாம். எண் பெருசா இருந்தா மேல வரும். உங்களுதுக்கு எவ்வளவு போடட்டும்?"

முன்னுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இதெல்லாம் பிடிக்காது தம்பி. நானா கேக்கறதும் நல்லா இருக்காது. இருக்கறதுலயே பெரிய எண் எது?"

மச்சினர் அந்தக் கட்டம் கொள்ளும் வரைக்கும் ஒன்பதாகத் தட்டினார்.

முன்னுரை கோழி வளர்ப்பு என்று தேடினார். 'மோனக் கடலும் முதல் அலையும்' வந்தது. அதற்குக் கீழேதான் கோழிகள். வருமான வரி என்று தேடினார். முதல் அலை அங்கேயும் அடித்தது. பத்தாம் வகுப்புக் கணிதம், மனையடி சாத்திரம், நாய்க்கடி என்று எதைத் தட்டினாலும் முதலில் இவர்தான்.

"கொஞ்சம் ஓவராப் போயிடுச்சு சார், குறைச்சிடறேன்" என்றார் மச்சினர்.

"எதுக்கு? அப்படியே இருக்கட்டும். கவிதைக்கு எல்லாத் துறையோடயும் ஒரு உறவு இருக்கு."

"கோழியோடவா சார்?"

"முக்கியமா கோழியோட" என்ற முன்னுரை, பேச்சை மாற்றினார். "ஆமா, வாசகர் பார்க்கிற பக்கம் தமிழ்ல வந்தாச்சா?"

"ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டேன். அதுக்குன்னு ஒண்ணு இருக்கு சார். இந்தப் பக்கம் இங்கிலீஷைக் கொட்டினா அந்தப் பக்கம் தமிழா வந்து விழும்."

"நான் ஒரு பார்வை பார்க்கணுமே."

"அது பொதுமக்களுக்கு சார். உங்களை மாதிரி பெரியவங்களுக்குத்தான் தனியா அலுவலர் பக்கம் இருக்கே."

பொதுமக்களில் தாம் சேர்த்தி இல்லை என்பது முன்னுரைக்குப் பிடித்திருந்தது. வாசகர் பக்கத்தைப் பற்றி அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

அலுவலர் பக்கம் இன்னும் இங்கிலீஷில்தான் இருந்தது. அந்த வாரமே அதில் 'ஹோல்ட்', அதாவது முன்பதிவு, என்ற கட்டத்தில் ஓர் எண் தோன்றியது. மறுநாள் அது இரண்டு மடங்கானது. அதற்கு மறுநாள் முன்னுரை சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் இத்தனை பேர் அவர் புத்தகத்துக்காகக் காத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"உங்க அண்ணன் போட்டிருப்பாரு" என்றாள் அவள்.

"அண்ணன் எங்கிட்ட பேசறதே இல்லையே."

"ஆமா, புத்தக வெளியீட்டு விழாவுல பாதியில எழுந்து போனவருதானே. அப்ப வேற யாருங்க?"

"வாசகர்கள்."

அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மறுநாள் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் புத்தகங்களை இழுத்து எடுத்துப் போனபோதுதான் நம்பினாள். "யார் எடுத்தா என்ன, நல்லா இருக்கட்டும். கல்யாணமான புதுசுல பெருக்கின இடம் அது" என்று துடைப்பத்தை எடுத்துவந்தாள்.

கவுண்டருக்கு வருகிறவர்களிடம் முன்னுரை இப்போது தாமே போய்ப் பேச ஆரம்பித்தார். தையல்கடைக்காரர் ஒருவர் முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார்.

"நான் நாலு தடவை அமுக்கிட்டேன் சார். ஒண்ணும் நடக்கலை" என்றார்.

"'மோனக் கடல்'தானே?"

"அதேதான். எங்க வீட்டுல எல்லாரும் அமுக்கியாச்சு. மாமியார் நேத்து பக்கத்து வீட்டு ஃபோனை வாங்கி அமுக்கினாங்க. இதுக்கு மேல என்ன செய்யணும்னு சொல்லுங்க."

முன்னுரை தையற்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பொறுமையா இருங்க. உங்க கையில கிடைக்காம நான் விடமாட்டேன்."

தையற்காரர் கைகளை மெதுவாக உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

முன்பதிவு செய்த புத்தகம் வந்துவிட்டால் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் வேறு புத்தகம் தர முடியும் என்று மச்சினரின் மென்பொருளில் ஒரு விதி இருந்தது. ஆகவே சமையல் புத்தகம் கேட்டு வந்தவருக்கும் முதலில் 'மோனக் கடல்' கையில் திணிக்கப்பட்டது. வாங்கியவர்கள் அதை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

"ஒரே மூச்சுல படிச்சுடறாங்க" என்றார் முன்னுரை.

"திரும்ப முன்பதிவும் பண்றாங்க சார்" என்றார் கவுண்டர்காரம்மா. அவருக்கு இது புரியவே இல்லை. காலையில் திருப்பிக் கொடுத்தவரின் பெயர் சாயங்காலம் மறுபடி வரிசையில் வந்து நின்றது. "நான் ஒரு பக்கம் படிச்சுப் பார்த்தேன் சார். எனக்கு அப்படி எதுவும் தோணலை."

"ரெண்டாவது பக்கத்துல தோணும்."

கட்டிலுக்கு அடியில் காலியாயிற்று. வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது. முன்னுரை இரண்டாம் பதிப்பு போடுவதென்று தீர்மானித்து மனைவியிடம் போனார். துணி துவைக்கும் இயந்திரம் வாங்குவதற்காக அவள் இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம் அலமாரியில் இருந்தது.

"கையால துவைச்சுத் துவைச்சு என் தோள்பட்டை போச்சுங்க" என்றாள் அவள்.

"ஊரே காத்துக்கிட்டு இருக்கு. நீயே பாரு."

அவர் கைபேசியில் எடுத்து வந்திருந்த படத்தை அவள் உற்றுப் பார்த்தாள். எண் உண்மையாகத்தான் இருந்தது. மனுஷன் எழுதியதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது போலும், நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பணத்தை எடுத்துக் கொடுக்கும்போது அவள் முகத்தில் இருந்த மரியாதையை முன்னுரை கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அந்த ஒரு பார்வைக்காக மூன்றாம் பதிப்புக்கும் அவர் தயாராக இருந்தார்.

இதற்குள் முன்பதிவு அறிக்கை இயக்குநரின் மேசைக்குப் போய்விட்டது. அவர் புத்தகம் படிக்கிறவர் அல்ல. ஆனால் வரைபடம் பார்ப்பார். கோடு மேலே ஏறினால் சந்தோஷப்படுவார். இந்தக் கோடு காகிதத்தை விட்டே வெளியேறியிருந்தது.

"நம்ம மென்பொருளோட வெற்றி இது" என்றார்.

"கவிதைக்கும் கொஞ்சம் பங்கு உண்டுங்க" என்றார் முன்னுரை.

"இருக்கட்டும், இருக்கட்டும். விழா வைப்போம். வரிசையில முதல் ஆளா இருக்கிற வாசகரை மேடைக்குக் கூப்பிட்டு, உங்க கையால புத்தகம் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேச வைப்போம். பத்திரிகைக்காரங்களும் வரட்டும்."

முன்பதிவு செய்த அத்தனை பேருக்கும் செய்தி போனது. நேரில் வந்து புத்தகத்தைப் பெற்றுக்கொண்டால்தான் இனி நூலக அட்டை செல்லும் என்று மச்சினர் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். கூட்டம் வராமல் என்ன செய்யும்? படிக்கும் அறை நிரம்பி, படிக்கட்டில் வழிந்து, சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும் நின்றது. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கவிதையின் பாரம் என்று முன்னுரை எடுத்துக்கொண்டார். மனைவி முன்வரிசையில் நல்ல புடவையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் "அவர் என் வீட்டுக்காரர்தான்" என்று தானாகச் சொல்லிக்கொண்டாள்.

இயக்குநர் மென்பொருளைப் பற்றிப் பேசினார். மச்சினர் இயக்குநரைப் பற்றிப் பேசினார். முன்னுரை தம்மைப் பற்றிப் பேசினார், கடல் தோன்றிய காலத்திலிருந்து. கூரை ஒழுகி ஒலிபெருக்கி கரகரத்தபோதும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் இயக்குநரே அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வரிசையில் முதலாவதாக நின்றிருந்தவர் அந்தத் தையற்காரர். மேடைக்கு வந்தார். அச்சு மை மணக்கும் இரண்டாம் பதிப்பை முன்னுரை அவர் கையில் கொடுத்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். தையற்காரர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார், முன்னுரையைப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றார்.

"உங்க மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க" என்று முன்னுரை முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லைங்க" என்று தொடங்கினார் தையற்காரர். "நான் தேடினது சட்டைக் காலர் வெட்டுற புத்தகம். எதைத் தேடினாலும் இந்தப் புத்தகம்தான் முன்னால வந்து நிக்குது. அதுக்குக் கீழ 'நிறுத்து'ன்னு ஒரு பொத்தான் போட்டிருந்தாங்க, சரி நிறுத்திடுவாங்கன்னு நம்பி ஊர்ல இருக்கற அத்தனை பேரும் அமுக்கு அமுக்குன்னு அமுக்கினோம், இவர் என்னடான்னா ரெண்டாம் பதிப்பு போட்டுட்டு வந்து நிக்கறாரு."