கோடு திரும்பும்வரை

"இந்தப் பெரியவர் கண்ணைத் திறக்கறதுக்குள்ள நான் குளிச்சு, துணி துவைச்சு, காயப் போட்டு, காஞ்சதை மடிச்சும் வெச்சுட்டேன். இன்னும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பதினோரு மாசமா புதுசா ஒண்ணு வாங்குங்க, வாங்குங்கன்னு சொல்றேன். நீங்க என்னடான்னா சுவத்துல படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கீங்க!"

"படம் இல்ல. வரைபடம்," என்றார் கணவர்.

பெரியவர் என்று அவள் சொன்னது மாமனாரை அல்ல. கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரை. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு இருமல் வரும். பிறகு நீண்ட முனகல். பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். வீட்டில் தனக்கென்று ஒரு ஃபேன் உள்ள ஒரே ஜீவன் அதுதான்.

மனைவிக்கு அதில்தான் பிழைப்பு. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அடித்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பெரியவரின் புண்ணியத்தில் இரண்டு தடவை தாமதம். மூன்றாவது தடவையும் தாமதித்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனியிலிருந்து கடிதமே வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைத் திறக்கவும் பெரியவர் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

"அப்பா, வீட்டுக்கு ரெண்டு வேணும்ப்பா," என்றாள் மகள். கட்டடக்கலை படிக்கிறவள். "அம்மா எழுந்திருச்சாத்தான் நான் உக்கார முடியுது. காலேஜ்ல வரையச் சொன்ன வீட்டுக்கு இன்னும் கூரையே போடல."

"ஒண்ணுக்கே இங்க கோடு திரும்பல. ரெண்டு கேக்குதா? நான் இருக்கற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் வராது. எழுதி வெச்சுக்க."

மகள் நிஜமாகவே எழுதி வைத்துக்கொண்டாள், தேதியோடு. தாயைப் போலப் பெண்.

கோடு என்னவென்று சொல்ல வேண்டும். கணவருக்குக் குடிநீர் வாரியத்தில் உத்தியோகம். தினமும் காலையில் நீர்த்தேக்கத்தின் அளவுகோலைப் பார்த்து, கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்து, நேற்றைய புள்ளியோடு சேர்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அலுவலகத்தில் அவருக்கு 'மட்டம் சார்' என்று பேர். அவரும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். நீர் எவ்வளவு இறங்கினாலும், கோடு திரும்பி மேலே ஏறத் தொடங்கும்வரை மதகைத் தொடக் கூடாது என்பது அவருடைய வேதம். கம்ப்யூட்டர் விலைக்கும் அதையே வைத்துக்கொண்டார். குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் தாளை ஒட்டினார். காதில் பென்சில். சட்டைப் பையில் ரப்பர்.

எதிர்வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். காலை ஒன்பது மணிக்கு அவள் கதவைப் பூட்டும்போது இவர் மாடிப்படியில் நிற்பார்.

"இன்னைக்கு என்ன விலைம்மா?"

சொல்வாள். வந்து புள்ளி வைப்பார். வீட்டில் விலையை யாரும் பணமாகப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். "ரெண்டு கட்டம் ஏறியிருக்கு", "அரைக் கட்டம் இறங்கியிருக்கு", அவ்வளவுதான். சாயங்காலம் அரைமணி நேரம் பெரியவரைத் தன்வசம் எடுத்துக்கொண்டு மற்ற கடைகளின் விலையையும் பார்ப்பார். கையில் உள்ள போன் பழைய பொத்தான் போன், அது உதவாது. புதுப் போனுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. அது அலமாரிக் கதவுக்கு உள்பக்கம்.

"ஏங்க, ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் மனைவி. "கோடு திரும்பினதுக்கு அப்புறம்தானே அது திரும்பிடுச்சுன்னு தெரியும்?"

"ஆமா."

"அப்ப விலை ஏறியிருக்குமே?"

கணவர் பென்சிலை ஒரு காதிலிருந்து எடுத்து இன்னொரு காதில் செருகிக்கொண்டார். "உனக்கு வரைபடம் புரியாது," என்றார்.

பன்னிரண்டாம் மாதத்தில் விலை விழ ஆரம்பித்தது. முதல் நாள் மூன்று கட்டம். அடுத்த நாள் நான்கு. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தாள் முடிந்துபோய்க் கீழே இன்னொரு தாளை ஒட்டினார். நின்று வரைந்தவர் குனிந்து வரைந்தார்; குனிந்தவர் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தார். வந்த உற்சாகத்தில் ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் பிரஷ்ஷால் பெரியவரின் வயிற்றில் இருந்த தூசியையும் தட்டிக் கொடுத்தார். ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறும்.

"இப்ப வாங்கிடலாமே," என்றாள் மனைவி, எட்டாம் நாள் காலையில். "நாளைக்கு எனக்குப் பதினாறு பதிவு முடிக்கணும். இது தாமதமானா என் வேலை போச்சு."

"இறங்கிக்கிட்டு இருக்கற கோட்டுக்குக் குறுக்க விழறது மடத்தனம். இன்னும் ரெண்டே நாள் பொறு."

அன்றும் இறங்கியது. ஒன்பதாம் நாள் காலை எதிர்வீட்டுப் பெண் சொன்ன விலையைக் கேட்டு அவர் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாள். இருபத்தொரு கட்டம். ஒரே நாளில்! அந்தக் கோட்டை வரைந்தால் குளிர்பெட்டியின் தலையைத் தாண்டிப் போகும். அதைப் பார்த்தால் மனைவி என்ன சொல்வாள் என்பதற்கு அவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு புள்ளிகூடப் பொய்யாக வைத்ததில்லை. வாரியத்தில் அப்படிச் செய்தால் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவரோ இப்போது நின்றுகொண்டிருந்ததே வீட்டில்தான். நேற்றைய புள்ளிக்கு அரைக் கட்டம் கீழே, திருட்டுத்தனமாக ஒரு புள்ளி வைத்தார்.

"என்ன ஆச்சு இன்னைக்கு?" சமையலறையிலிருந்து குரல்.

"இறங்கியிருக்கு."

"அப்படியா!" என்றாள் அவள். அந்த 'அப்படியா'வில் இவ்வளவு இனிப்பு எதற்கு என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் இன்னொரு அதிசயம். பதினாறு பதிவுகளும் முடிந்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெரியவர் இருமவில்லை. முனகவில்லை. பொத்தானைத் தொட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் உங்க கைராசிங்க," என்றாள் மனைவி. "நீங்க தூசி தட்டினதுலேர்ந்து பெரியவர் குமரனாயிட்டார். இனிமே அவர் வயித்துல யாரும் கை வைக்க வேண்டாம். நானே தகட்டை மூடி முடுக்கிட்டேன். உங்களுக்கு ஃபேன்கூட மிச்சம்."

கணவர் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் அலுவலகம் முழுவதும் தன் பெயின்ட் பிரஷ் வைத்தியத்தைச் சொல்லி முடித்தார். ஒரு பிரஷ் போதுமே, இனி எதற்குப் புதுக் கம்ப்யூட்டர் என்று வீட்டிலும் மெல்லப் பேச்சை எடுத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கே!" என்றாள் அவள். "பன்னிரண்டு மாசம் உயிரைக் குடுத்து வரைஞ்சிருக்கீங்க. விலை இப்படி இறங்கி வர்றப்ப விட்டுட்டா அந்த உழைப்புக்கு என்ன மரியாதை?"

மனிதர் மாட்டிக்கொண்டார். வாங்கலாம் என்றால் நிஜ விலை குளிர்பெட்டிக்கு மேலே நிற்கிறது. வேண்டாம் என்றால் பொய் விலை முட்டிக்குக் கீழே கிடக்கிறது. தினமும் 'இன்னும் இறங்கும்' என்று சொல்லிச் சொல்லி அரை அரைக் கட்டமாக இறக்கிக்கொண்டே போனார். நிஜ விலையும் இறங்கிவந்து தன் பொய்யோடு சேர்ந்துகொள்ளும் என்று ஒரு நப்பாசை. அது சேரவில்லை. மூன்றாவது வாரத்தில் முக்காலியும் உயரமாகிவிட்டது. தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் புள்ளி வைத்தார்.

மனைவி விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள். "தள்ளுங்க, பெருக்கணும். ஆமா, தரை வந்துருச்சே? இனிமே இறங்கணும்னா கீழ்வீட்டுக்காரங்ககிட்ட அனுமதி கேக்கணும்."

"நாளைக்கு..."

"நாளைக்கும் இல்ல, நாளை மறுநாளும் இல்ல. இந்தாங்க." ஒரு உறை. "நீங்க இன்னைக்கு வெச்சிருக்கற புள்ளிக்குச் சரியா எண்ணி வெச்சிருக்கேன். ஒரு பைசா கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

மீதியை அவர் தன் பையிலிருந்துதான் போட வேண்டியிருந்தது. ஒரு சாய்வு நாற்காலிக்காக நான்கு வருஷமாக ரகசியமாகச் சேர்த்தது. அந்த நாற்காலிக்கும் கோடு திரும்பக் காத்திருந்தார்.

கடையில் எதிர்வீட்டுப் பெண் துடைத்து வைத்த தட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பில் போட்டாள்.

"விலையை மட்டும் வீட்டுல சொல்லிடாதம்மா," என்றார் கெஞ்சலாக.

"நான் ஏன் சார் சொல்லப் போறேன்? அக்காவா கேட்டாலொழிய நான் எதுவும் பேசறதே இல்ல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். மகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செலவை மறைத்த குற்ற உணர்ச்சியில் அவருக்குப் பெருந்தன்மை பொங்கியது.

"பழசை நானே பிரிச்சுப் போட்டுடறேன்," என்று திருப்புளியோடு பெரியவரின் முன்னால் உட்கார்ந்தார். மனைவி தடுக்கவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, நாற்காலியைக்கூட அவருக்காக நகர்த்திக் கொடுத்தாள்.

தகடு வந்தது. உள்ளே தூசி இல்லை. துரு இல்லை. பழைய ஒயர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பளபளவென்று, நேற்றுப் பிறந்ததுபோல இருந்தது. ஓரத்தில் கடையின் உத்தரவாதச் சீட்டு ஒட்டியிருந்தது. தேதியைப் படித்தார். எட்டாம் நாள்.

"கோடு திரும்பறதுக்கு முந்தின நாள்," என்றாள் மனைவி. "நீங்க ஆபீஸ் போனதும் வாங்கினேன். உள்ள இருக்கறதையெல்லாம் கடைக்காரங்களே இந்தப் பழைய கூட்டுக்குள்ள மாத்திக் குடுத்துட்டாங்க. என் சொந்தச் சம்பாத்தியம்."

"அன்னைக்குத்தான் கோட்டோட அடிமட்டம்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வரைபடமே பாக்கத் தெரியாதே உனக்கு!"

"அந்தப் பொண்ணைக் கேட்டேன். ஏம்மா இப்படி விலை இறங்குதுன்னு. புது மாடல் வருதுக்கா, பழசைத் தள்ளிவிடறோம், இன்னைக்குத்தான் கடைசி, நாளைலேர்ந்து புது மாடல் விலைன்னா. அவ்வளவுதான்."

"தினமும் நானும்தானே கேட்டேன்! என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க 'என்ன விலை'ன்னுதான் கேட்டீங்களாம். ஏன்னு கேக்கவே இல்லையாம்."

கணவர் சுவரைப் பார்த்தார். மூன்று வாரப் பொய் தரைவரை இறங்கிக் கிடந்தது. "அப்ப நான் வெச்ச புள்ளியெல்லாம்..."

"தினம் பாத்தேன். கடைசி வாரம் படுத்துக்கிட்டு வரைஞ்சீங்களே, அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல? சொல்லியிருந்தா இந்த ரெண்டாவதை நான் வாங்கியே இருக்க மாட்டேனே!"

"அதான் சொல்லல," என்றாள் அவள். காதில் மாட்டிக்கொண்டு அடுத்த டாக்டரைக் கேட்க ஆரம்பித்தாள்.

அறைக்குள் மகள் புதுக் கம்ப்யூட்டரில் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் மாட்டியிருந்தது. மேசைமேல், தேதி போட்டு எழுதி வைத்த அந்தச் சீட்டு இருந்தது.

சாயங்காலம் ஆகிவிட்டது. அவருடைய அரைமணி நேரம். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில், காதில் பென்சிலோடு, கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இரண்டு பக்கமும் விசைகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"யாராவது ஒருத்தர் அஞ்சே அஞ்சு நிமிஷம் எழுந்திரிங்களேன். நான் வாங்கினது இன்னைக்கு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்துக்கறேன்."