ஐந்து பல்புகளின் இல்லறம்

வீடு கட்ட யாருக்குத்தான் தெரியாது? குருவிக்குத் தெரியும், கறையானுக்குக்கூடத் தெரியும். ஆனால் கட்டிய வீட்டுக்குள் மனிதன் நுழைந்து அதைக் கெடுத்துவிடாமல் காக்கும் ஞானம் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உரியது. அந்த ஞானம் போன வருஷம் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வேன் ஏறி வந்தது.

வந்தவர் பேராசிரியர் அம்பலவாணர். கட்டட ஆராய்ச்சியில் கரைகண்டவர். தோட்டத்தில் எழும்பப்போகும் இருநூறு வீடுகளுக்கு முன்மாதிரியாக ஒன்றைக் கட்டினார். இரண்டு அறை, குசினி, கண்ணாடி ஜன்னல். இந்த மலைக் குளிரில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது கதகதப்பாக இருக்குமா என்பதுதான் ஆய்வு. குடும்பத்துக்கு எங்கே போவது? ஒரு மனித உடம்பு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுமாம். ஆகவே ஐந்து நூறு வாட் பல்புகள் குடிவந்தன. பால் காய்ச்சவில்லையே தவிர, மற்றபடி முறையான கிரகப்பிரவேசம்தான்.

அந்தக் குடும்பத்தைப் பராமரிக்கும் "ஆய்வு உதவியாளர்" பதவி கொழுந்து பறிக்கும் மீனம்மாவுக்குக் கிடைத்தது. எதிரே, வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தாள். அவள் குடும்பத்திலும் சரியாக ஐந்து பேர். அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவர் கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. மழைக்கு முன்னால் பிள்ளைகளை வேறு கூரைக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள்.

"சேர், நாங்களும் அஞ்சு பேருதாங்க. பல்புக்குப் பதிலா நாங்களே இருந்துக்கிறோமே?"

பேராசிரியர் பதறிப்போனார்.

"ஐயோ தங்கச்சி! மனுசர் எண்டால் கதவைத் திறப்பினம், பூட்டுவினம், சண்டை பிடிப்பினம். பல்பு அப்பிடி ஒண்டும் செய்யாது. ஆய்வு முடியட்டும், இந்த வீடு உங்களுக்குத்தான்."

அந்த ஒரு வார்த்தைக்காக மீனம்மா பல்புகளுக்கு உழைத்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இரண்டை அணைப்பாள். அதாவது, தாய் பல்பும் தகப்பன் பல்பும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் மூன்றையும் அவள் மகள் சுலக்ஷனா தான் பள்ளிக்கூடம் போகும்போது "பள்ளிக்கூடம்" அனுப்பிவிடுவாள். சாயந்தரம் எல்லாரும் வீடு திரும்புவார்கள். பௌர்ணமிப் போயா நாளில் பல்புகளுக்கும் லீவு, பகல் பூராவும் வீட்டில் இருந்து எரியும்.

ஒருநாள் தகப்பன் பல்பு உயிரை விட்டது. தகவல் போன இரண்டு மணித்தியாலத்தில் புதுப் பல்போடு வேன் வந்து நின்றது. மீனம்மாவின் புருஷன் வீரய்யாவுக்கு இழுப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி மறுநாள்தான் வந்தது.

"நம்மளையும் ஹோல்டர்ல மாட்டி வச்சாத்தான் கவனிப்பாங்க போல," என்றான் வீரய்யா, மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆய்வின் கடைசிக் கட்டத்தில் அளவுகளைச் சரிபார்க்க அசல் மனிதர்கள் ஒரு வாரத்துக்குத் தேவைப்பட்டார்கள். பல்புகள் இறங்க, மீனம்மா குடும்பம் ஏறியது. அந்த வாரம் மழை ஊற்றித் தள்ளியது. பிள்ளைகளின் பாய் நனையவில்லை. வீரய்யாவுக்கு இழுப்புத் தணிந்தது. ஒழுகும் இடத்தில் வைக்கச் சட்டியைத் தூக்கிய மீனம்மா, இங்கே எதுவும் ஒழுகவில்லையே என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவள் சந்தோஷமாக இருந்தாள்.

எட்டாம் நாள் பேராசிரியர் கருவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஆளுக்கு நூறு வாட் வரவேணும். உங்களுக்கு அறுபதுதான் வருது. என்ன சாப்பிடுறனீங்கள்?"

"காலையில ரொட்டிங்க. மத்தியானம் கொழுந்து மலையிலயும் ரொட்டியும் தேத்தண்ணியுந்தான்."

"இரவைக்கு?"

"பிள்ளைங்களுக்குச் சோறுங்க."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. அரிசி ஏதும் தரச் சொல்லி எழுதப்போகிறார் என்று மீனம்மா நினைத்தாள். பாவம், அவளுக்கு ஆராய்ச்சி தெரியாது.

அடுத்த மாதம், கொழுந்து பறிப்பவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் கூட்டம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை தலைமை தாங்கினார். பேராசிரியர் புதிய வரைபடத்தை விரித்தார்.

"இந்தச் சனத்தின்ர உடம்புச் சூடு இவ்வளவு பெரிய வீட்டுக்குக் காணாது. அதனால ஒரு அறை போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னல் வைச்சால் சூடு போயிடும், வேண்டாம். பக்கத்து வீட்டோட சுவரைச் சேர்த்தால் அவையின்ர சூடும் கிடைக்கும். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு வீடு."

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மீனம்மா எழுந்து கிட்டப்போய்ப் பார்த்தாள்.

"சேர், இது எங்க லயம்ங்க."

"இல்லைத் தங்கச்சி, இது ஆய்வின்ர முடிவு."

"அப்ப எனக்குத் தாறேன்னு சொன்ன வீடு?"

"அது உங்களுக்குப் பெரிசு. குளிரும்."

மீனம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெடித்த சுவருக்கே திரும்பினாள். பேராசிரியருக்கு விருது கிடைத்தது, கிடைக்கத்தானே வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே லயத்தைக் கட்ட வெள்ளைக்காரத் துரைக்கு மனசாட்சி இல்லாமலிருந்ததே போதுமாக இருந்தது. நமக்கு ஒரு பல்கலைக்கழகமே தேவைப்பட்டது.