மிக்ஸிங் அக்கா கலக்கிய பாட்டுகள்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே ஓடுகிற கம்பெனி பஸ்கள் அத்தனையிலும், வெட்கம் என்ற ஒன்று இல்லாமலே பிறந்த ஒரே ஆள் எங்கள் மிக்ஸிங் அக்காதான். அவருக்கு வரவேண்டிய வெட்கத்தையும் சேர்த்து பஸ்ஸில் இருந்த நாங்கள்தான் பட்டுத் தொலைத்தோம்.

எங்கள் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் சாயம் கலக்கும் வேலை, அதனால் மிக்ஸிங் அக்கா. சொந்தப் பெயர் அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். பிறந்தது கல்லாவி, வாழ்க்கைப்பட்டது குருபரப்பள்ளி. நெடுஞ்சாலையோரம் டீக்கடை முன்னால் நின்று கை காட்டி ஏறுவார். ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்து, தன் போனை பஸ் ஸ்பீக்கரோடு புளூடூத்தில் இணைத்துவிடுவார். அங்கே தொடங்கும் எங்கள் தலைவிதி.

முதலில் நாதஸ்வரம், மங்களகரமாக வரும். சரி, கொஞ்சம் தூங்கலாம் என்று கண்ணை மூடினால் கானா ஒன்று எகிறிக் குதிக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கன்னட நாட்டுப்பாட்டு, அப்புறம் தெலுங்குக் குத்து, அப்புறம் யாரோ ஒரு வெள்ளைக்காரன் கிடாரைப் போட்டு உடைக்கிற சத்தம். அது அடங்கியதும் ஒப்பாரி. காலை ஷிப்ட்டுக்குப் போகிற ஜனங்களுக்கு ஒப்பாரி!

டிரைவர் முனிரத்தினம் தாங்க முடியாமல் கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சுவார். "சாக்கு, சாக்கு அக்கா! போதும், வுட்டுடு!"

"ஏண்ணா, வேலைக்குப் போறமா, கல்யாணத்துக்குப் போறமா? பொருத்தமாத்தான் போட்டிருக்கேன், நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

இந்தக் கலவை அவருடையது மட்டும் அல்ல. பஸ்ஸில் வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டு வாங்கிச் சேர்த்தது. ஆனால் அவர் வாங்குகிற விதம் இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். நான் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்த புதிதில், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெண் என்று பரிவாகப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கண்ணு, உனக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணு குடு, சேத்துக்கறேன்."

நான் கௌரவமாக ஒரு கர்நாடக சங்கீதக் கீர்த்தனையைச் சொன்னேன்.

"இது பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட சொல்ற பாட்டு. யாருக்கும் தெரியாம கேப்பியே, அதச் சொல்லு."

"அப்படி ஒண்ணும் இல்லைக்கா."

"பொய்யி. காது செவக்குது பாரு."

அன்று தப்பித்தேன். மற்றவர்கள் தப்பவில்லை. எங்கள் க்யூ.சி. சார் ஒரு பார்வை பார்த்தால் நல்ல உதிரிபாகத்திலும் விரிசல் விடும். அப்பேர்ப்பட்டவர் ரகசியமாகக் கேட்பது, புருஷன் வரவில்லையே என்று மல்லிகைப் பூவோடு ஜன்னலில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. அக்கா ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தன் குரலில் அறிவிப்பு வேறு பதிவு செய்து வைத்திருந்தார். "அடுத்தது, நம்ம க்யூ.சி. சார் ஆசை ஆசையா கேட்டது." சார் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது. ஸ்டோர்ஸ் தங்கவேல் அண்ணன் கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் பட்டை. அவருடையது ஒரு பழைய கிளப் டான்ஸ் பாட்டு. அது முடியும்வரை உருத்திராட்சத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பிராயச்சித்தமோ, தாளமோ, தெரியவில்லை.

நான் மாட்டியது மிளகு ரசத்தால். ஒரு நாள் சளியும் காய்ச்சலுமாக பஸ்ஸில் சுருண்டு கிடந்தேன். அக்கா தன் ஃபிளாஸ்கிலிருந்து சூடாக ரசம் ஊற்றி, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, போர்த்திக்கொள்ளத் தன் ஸ்வெட்டரையும் கொடுத்தார். அந்த உபசாரத்தில் வாய் உளறிவிட்டது. ஜலதோஷம் பிடித்த ஒரு யானைக்குட்டி தும்மிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிற குழந்தைப் பாட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அடுத்த வாரமே ஸ்பீக்கர் முழங்கியது. "அடுத்தது, நம்ம சேஃப்டி மேடம் தூங்கறதுக்கு முன்னால கேக்கறது."

யானைக்குட்டி தும்மியது. பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. பஸ்ஸின் தரையில் ஓட்டை இருந்திருந்தால் அதன் வழியாக நெடுஞ்சாலையில் இறங்கியிருப்பேன்.

ஹெல்மெட் போடாதவனைப் பார்த்து நான் கத்தினால் ஷாப் ஃப்ளோரே நடுங்கிய காலம் அன்றோடு முடிந்தது. "ஹெல்மெட் எங்கேப்பா?" என்று கேட்டால் ஃபோர்க்லிஃப்ட்காரன் பவ்யமாகத் தலை குனிந்து, "அச்சூ" என்றான். அதைவிடக் கொடுமை, வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்த பெரியவர் முன்னால் நடந்தது. தீயணைப்புக் கருவியைக் காட்டி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தேன். ரேக்குக்குப் பின்னால் யாருக்கோ நிஜமாகவே தும்மல் வந்துவிட்டது. லைன் முழுக்கச் சிரிப்பு. என்ன விஷயம் என்று அவர் கேட்க, எங்கள் பிளான்ட் மேனேஜர் என்னை வைத்துக்கொண்டே விஷயத்தை விளக்கினார், தும்மலோடு.

அன்று சாயங்காலம் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "மானத்தை வாங்கிட்டீங்களேக்கா!"

"யானக்குட்டிப் பாட்டு கேட்டா போற மானம் இருந்தா என்ன, போனா என்ன கண்ணு?"

"எல்லார் பாட்டையும் போடுறீங்க. உங்க பாட்டு எது? அதை மட்டும் இதுவரைக்கும் போட்டதே இல்லையே?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு எல்லாப் பாட்டும் புடிக்கும்."

"பொய். காது சிவக்குது பாருங்க."

நிஜமாகவே சிவந்திருந்தது. விஷயம் பஸ் முழுக்கப் பரவியது. தங்கவேல் அண்ணன் கேட்டுப் பார்த்தார், க்யூ.சி. சார் அதிகாரமாகவே கேட்டுப் பார்த்தார். அக்கா மழுப்பிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு மழை நாள். சூளகிரி நெருங்கும்போது, அக்கா அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பஸ் வேகத்தடையில் ஏறிக் குதித்தது. போன் கையிலிருந்து நழுவி சீட்டுக்கு அடியில் போய்விட்டது. போகும்போது விரல் எங்கோ பட்டிருக்க வேண்டும். ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் இருமியது. பின்னால் லாரி எஞ்சின் உறுமுகிற சத்தம்.

"கேக்குதா? பாடு பாடுன்னியே, அதான் பாடறேன். சிரிக்கக் கூடாது."

லாரிச் சத்தத்திலேயே புரிந்துவிட்டது, அக்காவின் வீட்டுக்காரர்! கிரானைட் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். போனால் திரும்ப மாதக்கணக்காகும். ஊரில் இருக்கிற நாட்களில் மொபெட்டில் அக்காவைக் கொண்டுவந்து விடுவார். நாங்கள் வணக்கம் சொன்னால்கூடத் தலையை மட்டும் அசைக்கிற மனிதர். அவர் பாடத் தொடங்கினார்.

அதைப் பாட்டு என்று சொல்வதற்கு மனசாட்சி வேண்டும். ஸ்ருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தமிழில் தொடங்கினார், வரி மறந்ததும் கூசாமல் கன்னடத்துக்குப் போனார், அங்கேயும் மறந்து தெலுங்கில் கரையேறினார். நடுவில் யாருக்கோ ஹாரன் அடித்தார். காதலியின் பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லாம் "வசந்தா, வசந்தா" என்று போட்டுக்கொண்டார். எங்கள் மிக்ஸிங் அக்காவின் பெயர் எங்களுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

"ஐயோ, நிறுத்துங்கப்பா! மானம் போவுது!" அக்கா பதறி எழுந்து சீட்டுக்கு அடியில் குனியப் போனார்.

பழி வாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. என் ஆபீசர் குரலை எடுத்தேன். "ஓடுற வண்டியில எந்திரிக்கக் கூடாதுக்கா. உக்காருங்க."

"கண்ணு, உன் கால்ல வேணா வுழறேன்."

"அதுவும் வண்டி நின்ன பிறகுதான்."

அக்கா உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் சிரிக்கக் காத்திருந்தோம், ஆனால் சிரிப்பு வரவில்லை. முனிரத்தினம் பஸ்ஸை மெல்ல ஓட்டினார். பாட்டு ஒருவழியாக முடிந்தது. "நல்லா இல்லன்னா அழிச்சிடு வசந்தா," என்றது குரல். அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும், பிறகு அதுவும் இல்லை.

அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டதுபோல் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ்ஸில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

க்யூ.சி. சார் தொண்டையைச் செருமினார். "ரெண்டாவது சரணம் நல்லா இருந்துச்சும்மா."

"போங்க சார்!" முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

தங்கவேல் அண்ணன் கேட்டார். "மச்சான் எப்ப வர்றாரு?"

"பொதங்கெழம." சொல்லும்போது குரல் உடைந்தது. "லோடு எறக்க லேட்டாவுதாம்."

நான் ஓடுகிற வண்டியில் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓசூர் வரும்வரை அக்கா என் தோளில் சாய்ந்திருந்தார். அன்று மீதி வழிக்கு எந்தப் பாட்டும் இல்லை.

இப்போது அக்கா பாகலூர் ரோட்டில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். எங்கள் பஸ்ஸில் நாங்கள் ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு கௌரவமாகப் போகிறோம். எப்போதாவது அவருடைய கம்பெனி பஸ் எங்களை முந்திக்கொண்டு போகும். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தாலும் ஒப்பாரியின் வால் ஒன்று கேட்கும். உள்ளே கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் அந்த ஜனங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.