கதவோர நாற்காலி

‘சும்மா பார்க்கத்தான் வந்தேன்’ என்று ஓர் இனம் உண்டு. நீச்சல் குளத்துக்கு வரும், காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாட்டு வகுப்புக்கு வரும், தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டும். ஆனால் இந்த இனத்தை அதன் முழு அழகோடு பார்க்க வேண்டுமென்றால் மேல்நிலைப் பள்ளி நாடக வகுப்புக்குத்தான் போக வேண்டும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பாருங்கள். மடியில் பை இருக்கிறதா? இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறதா? அதேதான்.

நம்முடைய ஆள் பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறி வந்தவள். வகுப்பு அவளுக்குக் ‘கதவோரம்’ என்று பேர் வைத்துவிட்டது. முதல் வாரம் எல்லோரும் பூனை மாதிரி தவழ வேண்டும் என்றார்கள். அவளுக்குக் கால் சுளுக்கு. இரண்டாவது வாரம் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்றார்கள், தொண்டை சரியில்லை. மூன்றாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக மற்றவர்கள் கையில் விழ வேண்டும் என்றதும், அம்மா கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னாள். அம்மாவுக்கு இந்த விஷயமே தெரியாது.

உதட்டை மட்டும் அவளால் கட்டிப்போட முடியவில்லை. ஒத்திகை நடக்கும்போது அது பாட்டுக்கு அசையும். இரண்டு நாள் தங்க வந்து இரண்டு மாதமாகியும் கிளம்பாத ஓர் அத்தையைப் பற்றிய நாடகம். ஏழு பேர் வசனமும் அவளுக்குத் தலைகீழ் பாடம். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஏழு பேரையும் அவளே நடித்தாள். "அக்கா, உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?" என்று தம்பி கதவைத் தட்டினான். அத்தையாக நடித்த பெண் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பொரிந்து தள்ளுகிறாளே என்று மனசுக்குள் ஒரே புழுக்கம் வேறு. போய்ச் சொல்வதுதானே? உயிர் போய்விடும்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நடிக்க ஆசை, கொள்ளை ஆசை. சிரித்துவிடுவார்களே என்ற பயம் அதைவிட ஒரு பிடி அதிகம். அதனால் நாடகத்துக்குப் பதில் புவியியல் என்று படிவம் நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிப் பையில் வைத்திருந்தாள். பாடம் மாற்ற வெள்ளிக்கிழமை கடைசி மணியடிக்கும் வரைதான் நேரம். அன்று அலுவலக ஜன்னலில் நீண்ட வரிசை. சரி, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, மணிக்குக் கொஞ்சம் முன்னால் நழுவிவிடலாம் என்று வகுப்புக்குத் தாமதமாக வந்தாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒத்திகைக்கு யாராவது வராவிட்டால் அவர் நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் அதோடு பேசுவார்கள், சண்டை போடுவார்கள், அது பதில் சொல்ல நேரமும் கொடுப்பார்கள். பல பேரைவிட நாற்காலி நன்றாக நடிக்கிறது என்பது டீச்சரின் கருத்து. கதவோரம் வந்த நாளிலிருந்து ஒருவரும் லீவு போடாததால் இது அவளுக்குத் தெரியாது. அன்று அத்தைக்குக் காய்ச்சல்.

கதவுக்குப் பக்கத்தில் அவளுடைய நாற்காலியைக் காணோம். அறை நடுவில், ஒரு கால் ஆடும் அதே நாற்காலி, காலியாக இருந்தது. யாரோ நகர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு போய், பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரனாக நடித்த நெட்டையன் கூரையே இடிந்து விழுந்தாலும் ஒத்திகையை நிறுத்தாதவன். திரும்பினான், பார்த்தான், வசனத்தைச் சொன்னான்.

"அத்தை, ஊருக்கு எப்பக் கிளம்பறீங்க?"

கதவோரம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நிறுத்த வேண்டிய அளவு நிறுத்தினாள்.

"காப்பி வரட்டும், பேசலாம்."

சொன்னது யார் என்று அவளே திரும்பிப் பார்த்தாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று வாரமாக எதற்குப் பயந்தாளோ அதே சிரிப்பு. ஆனால் அது அத்தைக்கு விழுந்த சிரிப்பு. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றிருந்தது.

"இல்ல டீச்சர், நான் சும்மா உட்காரத்தான்..."

டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உட்கார்ந்தாச்சுல்ல? மேல சொல்லு."

சொன்னாள். அத்தை இரண்டாவது காப்பிக்குச் சர்க்கரை போதாது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது கடைசி மணி அடித்தது. அலுவலக ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். படிவம் பையில் இருந்தது. பை தரையில் கிடந்தது. அது எப்போது மடியிலிருந்து இறங்கியது என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை காய்ச்சல் தேறிய அத்தை வந்து தன் வேஷத்தை வாங்கிக்கொண்டாள், நியாயம்தானே. கதவோரத்துக்குக் காப்பி கொண்டுவரும் வேலைக்காரி வேஷம் கிடைத்தது. வசனம் கிடையாது. அதையும் அவள் வீட்டில் பதினேழு விதமாக ஒத்திகை பார்க்கிறாள். காப்பி குடித்தே தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். இந்தப் பக்கத்துக்கும் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தானே வந்தீர்கள்? அத்தையின் அந்த ஒரு வரி வந்தபோது மனசுக்குள் ஒரு குரல் போட்டுப் பார்த்தீர்களே, அதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்கலாம்.

தொண்டை சரியில்லையா? அப்படியா.