எல்லைச்சாமி வீட்டில் மட்டும் சிக்னல் இல்லை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உங்கள் செல்போன் விட்டுப் போகாமல் பேசுகிறதென்றால், அதில் பாதிப் புண்ணியம் எல்லைச்சாமிக்குத்தான் சேரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆண்டவனே அவரைக் கூப்பிட்டாலும், "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்றுதான் அந்த அம்மா சொல்லும். பெயர் வந்த கதை அதுதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கே மறந்து போயிருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து, டவர் சிக்னலைச் சரிபார்க்கும் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே என்னை அவரிடம் தள்ளிவிட்டார்கள். ஆறடி உயரம், கழுத்தில் டர்க்கி டவல், யாரைக் கூப்பிட்டாலும் 'சாமி'தான்.

"சாமி, ஆண்டெனான்னா என்னங்க?" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு சமன்பாட்டை ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பரீட்சைக்குங்க. ஆண்டெனாங்கறது டேபிள் ஃபேன் மாதிரி. மூஞ்சியத் திருப்புன பக்கந்தான் காத்து."

நாலு வருஷம் கட்டிய ஃபீஸ் என் கண்முன் வந்து போனது.

வேலை என்னவென்றால், காருக்குள் ஏழெட்டு போனையும் ஒரு லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சிக்னல் இருந்தால் வரைபடத்தில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு வந்த இடத்தில் எல்லைச்சாமி இறங்கி, டவர் மேல் நிற்கும் ஆளிடம் போனில் கத்துவார். மல்லூரில் அவர் கத்தினால் ராசிபுரத்துக்குக் கேட்கும். அந்தத் தொண்டைக்கு டவர் எதற்கு என்று டிரைவர் அண்ணன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

திங்கள் முதல் சனி வரை சரி. ஞாயிற்றுக்கிழமை அவர் கிடைக்காததால் சென்னை மேலிடம் என்னைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் சரியாகச் சர்ச்சில் பூசை நேரத்தில்! சாமியார் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிப் பேசுவார், என் கைப்பையோ கிர்ரென்று அதிரும். நான் குனிந்தபடி வெளியே ஓடுவேன். வாராவாரம் இதே கூத்து. "அந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு என்னவோ" என்று பங்கு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஆறு மாதச் சோதனைக் காலம் முடியப் போகிற சமயம். தேங்கிக் கிடக்கும் புகார்களைத் தீர்த்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கிளம்பலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எங்கப்பாவோ மகள் இன்ஜினியராகிவிட்டாள் என்று தெரு முழுக்கக் கேக் கொடுத்துவிட்டிருந்தார். எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன், ஒன்றைத் தவிர. பனமரத்துப்பட்டிப் பக்கம் சின்னக் குன்றளவு உயர்ந்த ஒரு கரட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்து வீடு. அந்த வீட்டம்மா வாரம் தவறாமல் புகார் கொடுத்தார்.

எல்லைச்சாமியிடம் கேட்டேன்.

"அது பாறைங்க சாமி. பாறைய என்ன பண்ண முடியும்?"

மறுபடி கேட்டபோது தென்னை மரம் என்றார். மூன்றாம் முறை, "கஞ்சமலை இரும்பு பூமிக்கடியில அதுவரைக்கும் ஓடுதுங்க, சிக்னல இழுத்துப் போடுது" என்றார். இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரவேண்டுமே, ம்ஹூம்!

அவர் லீவு போட்ட ஒரு நாள், நானே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கரட்டைச் சுற்றி எங்கும் பச்சை. ஒரே ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மாட்டுக்கொட்டகை மட்டும் சிவப்பு. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"போன் கம்பெனிங்களா? வாங்க சாமி, மோரு குடிங்க. குமாரபாளையத்துல தங்கச்சி இருக்கறா. நாலு வார்த்த பேசோணும்னா இந்தத் தொட்டி மேல ஏறோணுங்க. எங்க ஊட்டுக்காரரும் போன் கம்பெனிதான். கேட்டா, உன்ற ஜாதகத்துலயே சிக்னல் இல்லங்கறாரு."

கொட்டகையிலிருந்து பனியனோடு, கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார் எல்லைச்சாமி. என்னைப் பார்த்ததும் கன்றுக்குட்டிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். ஆறடி மனிதர், எங்கே ஒளிவது?

நான் தூரத்து டவரைப் பார்த்தேன். டேபிள் ஃபேன்!

"சார், அந்த டவர்ல மத்த ஆண்டெனா எல்லாம் ஒவ்வொரு பக்கமும் பார்க்குது. இந்த ஒண்ணு மட்டும் ஏன் சார் உங்க வீட்டுக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது? ஏதாச்சும் சண்டையா?"

அக்காவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மோர்ச் சொம்பை ணங்கென்று வைத்தார். "அப்ப என்னையத் தொட்டி ஏத்துனது நீங்கதானுங்களா?"

"இல்ல சரசு... ஆறு நாளும் ஊரே என்னையக் கூப்புடுது. ஒரு நாளாச்சும் கோழி கத்தறதக் கேட்டுக்கிட்டு நிம்மதியாச் சோறு திங்கலாம்னுதான்..."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உங்க நிம்மதிக்கு நான் பூசையில எந்திரிச்சு ஓடறேன் சார்! இந்தப் புகார் தீரலன்னா என் வேலையே போயிரும், தெரியுமா?"

மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. "வேலையா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சாமி!"

மறுநாள் காலையிலேயே டவரடியில் நின்று, தொண்டை கிழியக் கத்தி, ஆண்டெனாவைத் தன் வீட்டுப் பக்கம் திருப்ப வைத்தார். "காத்துல திரும்பிக் கெடந்துதுங்க. எங்க புள்ளதான் கண்டுபுடிச்சுது" என்று மேலிடத்திடம் என் பெயரைச் சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமானது. அப்பா இரண்டாம் முறை கேக் வாங்கினார்.

அடுத்த ஞாயிறு அக்கா எனக்குப் போன் போட்டார், கட்டிலில் உட்கார்ந்தபடி. "நல்லாக் கேக்குது சாமி. அவரு என்ன பண்றாரு தெரியுங்களா? சோத்துத் தட்டத் தூக்கிக்கிட்டுக் கெணத்து மோட்டார் ரூமுக்குள்ள போயிட்டாரு. கல்லுச் செவரு, அதுக்குள்ள மட்டும் சிக்னல் எடுக்கறதில்லையாமா!"

இப்போது அந்தப் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து அளந்துவிட்டு வந்து, "மேடம், இங்க ஒரு சின்ன சிவப்புப் புள்ளி" என்று காட்டுவார்கள்.

"அது பாறைப்பா. பாறைய என்ன பண்ண முடியும்?" என்பேன், முகத்தில் சிரிப்பு வராமல்.

ஞாயிற்றுக்கிழமை மேலிடத்துப் போன் இன்னும் எனக்குத்தான் வருகிறது. வரட்டும், அவர் நிம்மதியாகச் சோறு தின்னட்டும்.