ஜெபக்கூட்டத்தில் சிரித்த பெட்டி

அன்பு மருமகன் ஜெஸ்பின் அவர்களுக்கு,

இரணியலிலிருந்து மாமா ஆன்ட்ரூஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் மாமி டெல்சியும் சுகம். இது இன்றைய வெள்ளிக்கிழமை நிலவரம். ஞாயிறு வரை என்னால் உத்தரவாதம் தர இயலாது. தோஹாவில் நீங்களும் மகள் ஷிபாவும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் டெல்சி காதில் விழும் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

விடுமுறையில் வரும்போது வீட்டிலேயே விளையாட என்று நீங்கள் கார்கோவில் அனுப்பிய, காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி திங்கட்கிழமை வந்தது. ஆறடி உயரம். ஐந்து பேர் தூக்கினார்கள். உள்ளறைக் கதவில் நுழையாததால் ஹாலில் நிற்கிறது. பக்கவாட்டில் கொம்பு வைத்த ஒருவனின் படம். மருமகன் அன்பாக அனுப்பியதைக் குறை சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. ஆனால் ஆலய விழா மைதானத்தில் இத்தகைய பெட்டிகள் வைக்கக்கூடாது, இவை ஆத்துமாவுக்குக் கேடு என்று சென்ற வருடம் சுற்றறிக்கை விட்ட சபைச் செயலாளர் அடியேன்தான்.

காசு போடாமலே விளையாடும்படி மாற்ற, பின்கதவைத் திறந்து உள்ளே வரிசையாக இருக்கும் பொடி சுவிட்சுகளில் ஆறாவதைத் தள்ளச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியிலேயே, பிக்சர் டியூபின் பின்பக்கத்தைத் தொட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருடம் கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். அணைத்த பிறகும் கொல்லும் பொருளை அங்கே பார்த்ததில்லை. பின்கதவுச் சாவியை எடுத்துப் பார்த்தேன். சாவியை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன். கோளாறு இருந்தால் விற்றவனிடம் சொல்ல வேண்டும், மூன்று நாள் அணைக்காமல் ஓடட்டும் என்றீர்கள், ஓடவிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அடித்தொண்டையில் சிரிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. சத்தத்தைக் குறைக்கும் திருகும் பின்கதவுக்குள்தானாம்.

புதன்கிழமை நம் வீட்டில் ஜெபக்கூட்டம். முறைப்பட்டியல் போட்டவன் நானே என்பதால் தள்ளிவைக்கச் சொல்ல வாயில்லை. கொம்பன் தெரியாமலிருக்க பெட்டியின் மேல் வெள்ளை விரிப்பைப் போட்டேன். விரிப்பு முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. காசு போடும் துளை வெளியே தெரிந்தது. போதகர் வந்தார், முப்பது பேர் வந்தார்கள், எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக ஜெபிக்கையில் பெட்டி சிரித்தது. போதகர் கண்ணைத் திறந்து, "யாரு?" என்றார். இன்வெர்ட்டர் என்றேன். செயலாளராக நான் சொன்ன முதல் பொய். பக்கத்து வீட்டு ராஜபாய் குனிந்து பார்த்துவிட்டு, "இன்வெர்ட்டருக்கு காசு போட ஓட்ட எதுக்கு அண்ணாச்சி? இது காணிக்கப் பெட்டியாக்கும். மருமவன் வெளிநாட்டுல இருந்து அனுப்பிருக்கான். நீங்க பெரும பேசாண்டாம்னு மறைச்சு வச்சிருக்கிய" என்றாள். நான் மறுக்கவில்லை. அவள் ஒரு காசைப் போட்டாள். பின்னால் முப்பது பேரும் வரிசையில் நின்று போட்டார்கள். போதகர் மனம் நெகிழ்ந்து, "செயலாளர்னா இப்பிடி இருக்கணும். ஞாயித்துக்கிழம பெட்டியத் திறந்து காணிக்கைய ஆராதனைக்கு கொண்டு வாங்க, சபைக்கு முன்ன சொல்லணும்" என்றார்.

காசு விழும் டப்பாவும் அதே பின்கதவுக்குள்தான் இருக்கிறது மருமகனே. திறந்தால் டியூப். திறக்காவிட்டால் கர்த்தருடைய காணிக்கையைச் செயலாளர் அமுக்கிவிட்டார் என்ற பேச்சு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், இது என்ன பெட்டி என்று சந்தி வரை சொல்லிவிடுவான். இரண்டு நாளாக நான் ஹாலைச் சுற்றிச் சமையலறை வழியாக வெளியே போகிறேன். ஆகவே தாங்கள் தயவுசெய்து கார்கோக்காரர்களிடம் சொல்லி, சனிக்கிழமைக்குள் அனுபவமுள்ள ஒருவரை அனுப்பி, காணிக்கையை மட்டும் எடுத்துத் தந்துவிட்டு, பெட்டியை எங்காவது கொண்டுபோகச் செய்யவும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஷிபா அழாமல் பார்த்துக்கொள்ளவும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் எல்லாத் தீங்குக்கும், விசேஷமாக மின்சாரத்துக்கும், விலக்கிக் காப்பாராக.

மாமா ஆன்ட்ரூஸ்

பி.கு.: மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை டெல்சி பார்த்துவிட்டாள். "கேட்டியளா, காணிக்கய நேத்தே எடுத்து டிபன் பாக்ஸ்ல வச்சாச்சு. மருமவன் எழுதுனத வாசிச்சு, வேதாகமத்துல நீங்க வச்ச சாவிய எடுத்து, பிளக்க பிடுங்கிட்டு, அந்த டியூப் பக்கம் போவாம ஈர்க்குச்சியால சுவிட்ச தள்ளிவிட்டாச்சு. செவ்வாக்கிழமையே. நீங்க கோவிலுக்குப் போன நேரம் வெளையாடதுதானே எனக்கு வேல" என்கிறாள். பெட்டி காட்டும் மதிப்பெண் பட்டியலில் முதல் பத்து இடமும் அவளுடையது. நேற்று ராஜபாயும் விளையாட வந்தாளாம். இன்று மாலை ரப்பர் செருப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு நானும் நின்றேன். பயமாகத்தான் இருக்கிறது; கொம்பன் விடாமல் துரத்துகிறான். ஆள் அனுப்ப வேண்டாம். விடுமுறைக்கு வரும்போது உங்களுக்கென்று தனியாக ஒன்று வாங்கி வரவும்.